முன்னால் உட்கார்ந்தவர் காது

காது கேட்காத மனிதர் ஒருவர் வீட்டில் இருந்தால் போதும், வந்து போகிறவர்களின் அசல் முகம் தெரிந்துவிடும். என் மாமனார் செல்லக்கண்ணுவுக்கு எதிரே உட்கார்ந்து, அவர் எடுத்துக் கொடுத்த வெற்றிலையை மென்றுகொண்டே, சிரித்த முகம் மாறாமல், "இந்தக் கெழம் இன்னும் எத்தனை நாளைக்குத்தான் இழுத்துக்கிட்டுக் கெடக்கும்?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவரும் சிரித்துத் தலையாட்டுவார். நலம் விசாரிக்கிறார்கள் என்று நினைப்பு. அந்த ஆள் குடித்த தம்ளரைப் புளி போட்டு இரண்டு தடவை தேய்த்தால்தான் மனசு ஆறும்.

குன்னத்துக்குப் பக்கத்தில், பஸ் வந்து திரும்பிப் போகிற கடைசி ஊர் எங்களுடையது. நான் பிறந்தது செந்துறைப் பக்கம். இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோதே மாமாவுக்குக் காது பாதி போயிருந்தது. ஊரில் அவருக்குப் பெயர் கம்ப்ரசர் செல்லக்கண்ணு. கிணறு வெட்டும்போது பாறை தட்டினால் கம்ப்ரசர் வண்டியைக் கூப்பிடுவார்கள். டிராக்டரில் பூட்டிய மெஷின் மேலே நின்று அலறும். அதிலிருந்து ரப்பர் குழாய் கிணற்றுக்குள் இறங்கும். குழாய் முனையில் இருக்கிற துளைக் கருவியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, பாறையில் வெடிமருந்துக்குக் குழி போடுகிறவர் மாமா. குன்னம், வேப்பூர், அந்தப் பக்கம் ரஞ்சன்குடி வரைக்கும் எத்தனையோ கிணறுகளில் அவர் போட்ட குழி இருக்கிறது. அந்தத் தண்ணீரில்தான் இன்றைக்கும் வெங்காயமும் மக்காச்சோளமும் விளைகிறது.

நாலு பக்கமும் பாறை, நடுவில் அந்தச் சத்தம். மேலே நிற்கிறவனுக்குப் பாதி சத்தம் காற்றில் போய்விடும், உள்ளே நிற்கிறவனுக்கு அத்தனையும் காதுக்குள்தான். போகிற வழியில் பருத்திக் காட்டில் இரண்டு காயைப் பிய்த்துப் பஞ்சைக் காதில் திணித்துக்கொண்டு இறங்குவாராம். அதுதான் அவருக்குக் கிடைத்த பாதுகாப்பு. சாயங்காலம் மேலே ஏறி வந்தால் காதுக்குள் 'ங்ஙீ' என்று இரையும். ராத்திரி தூங்கி எழுந்தால் போய்விடும். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு நாள் காலையில் எழுந்தார், அது போகவில்லை. அதற்குப் பிறகு போகவே இல்லை.

"சில்வண்டு ஒண்ணு உள்ள புகுந்துக்கிச்சு ஜோதி. வெளிய வர மாட்டேங்குது" என்று என்னிடம் சொல்வார். சில நாள் அது சில்வண்டு, சில நாள் பிரஷர் குக்கர், சில நாள் பல்லி மாதிரி 'டிக் டிக்' என்று விட்டுவிட்டு அடிக்குமாம். ஊர் அடங்க அடங்க உள்ளே இருக்கிறது ஏறும். அதனால் மக்காச்சோளம் அடிக்கிற மெஷின் எந்தக் களத்துக்கு வந்தாலும் அதற்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். உமி பறந்து தலையெல்லாம் அப்பும், எழுந்திருக்க மாட்டார். வெளியே அவ்வளவு சத்தம் இருந்தால்தான் உள்ளே இருப்பது அடங்குகிறதாம். "செவிடனுக்கு மெஷின் கச்சேரி" என்று ஊரே சிரித்தது. சிரித்தவர்களின் வீட்டுக் கிணற்றில் குழி போட்டுத்தான் அந்தக் காது போனது என்று ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை.

என் மாமியார் பொன்னுத்தாய் இருந்தவரைக்கும் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அந்த அம்மா கத்தமாட்டார். எதிரே போய் நின்று, முகத்தைப் பார்த்து, நிதானமாக வாயசைத்துச் சொல்லுவார். மாமாவுக்கு எல்லாம் விளங்கும். மாமியார் போன பிறகு அந்தப் பழக்கம் எனக்கு வந்தது. பெற்ற பிள்ளைக்கு வரவில்லை. என் வீட்டுக்காரர் அறிவரசன் ஒன்று வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார், இல்லையென்றால் பேசவே மாட்டார். கத்தினால் மாமாவுக்கு இன்னும் குழப்பமாகத்தான் இருக்கும் என்று நூறு தடவை சொல்லிவிட்டேன். செவிடன் காதில் ஊதின சங்கு என்பார்களே, அது இந்த வீட்டில் மகனுக்குத்தான் பொருந்தும்.

வைத்தியம் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தார்கள், அந்தக் கண்றாவியையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சந்தையில் காது குடைகிறவன் ஒருத்தன், நீளக் கம்பியை உள்ளே விட்டு, உள்ளங்கையில் ஒளித்து வைத்திருந்த கப்பிக் கல்லைக் காட்டி, "இதுதான் அடைச்சுக்கிட்டு இருந்துச்சு" என்றான். காதுக்குள் கல் முளைக்குமா? அதையும் நம்பி, பங்காளிகள் கூடி நின்று, அந்தக் கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். பிறகு பூண்டு எண்ணெய், எருக்கம்பால், ஏதோ ஒரு பச்சிலைச் சாறு. எல்லாமாகச் சேர்ந்து சீழ் வைத்தது. தலையணை உறையை நான்தான் துவைத்தேன். ஆனால் எனக்கு அருவருப்பு அந்தச் சீழ் மேல் இல்லை. ஊற்றின கைகளின் மேல்தான்.

இவ்வளவு கேலிக்கு நடுவிலும் அவருக்கு ஒரு பெரிய மரியாதை இருந்தது. அந்த மரியாதைதான் எல்லாவற்றிலும் கேவலம்.

எங்கள் பங்காளி வகையறாவில் குலசாமியின் உத்தரவு இல்லாமல் கல்யாணப் பத்திரிகை அடிக்க மாட்டார்கள். உத்தரவு என்றால் பல்லி சத்தம் போட வேண்டும். கெவுளி சொல்வது என்பார்கள் இந்தப் பக்கம். பெண்ணோ மாப்பிள்ளையோ முடிவானதும் பங்காளிகள் கோயிலில் கூடுவார்கள். வயதில் மூத்தவர் பரிவட்டம் கட்டிக்கொண்டு சாமிக்கு நேர் எதிரே உட்காருவார். கற்பூரம் ஏற்றுவார்கள். அது அணைந்ததிலிருந்து, சூலத்தின் நிழல் படியைத் தொடுகிற வரைக்கும் நேரம். அதற்குள் கெவுளி சொன்னால் சாமிக்குச் சம்மதம். மூத்தவர் எழுந்து "சொல்லிருச்சு" என்பார். சொல்லவில்லை என்றால் இன்னொரு நாள். சொன்னாலும் சொல்லாவிட்டாலும் கூடின அன்றைக்குக் கிடாக்கறிச் சோறு உண்டு. மூன்று தடவை கேட்கலாம், மூன்றாவதும் இல்லை என்றால் அந்தச் சம்பந்தத்தை விட்டுவிட வேண்டும். மீறிச் செய்தால் ஒரு பங்காளியும் பந்தல்கால் நட வரமாட்டான்.

மாமாவின் அண்ணன் இறந்ததும் அந்த இடம் மாமாவுக்கு வந்தது. எனக்குத்தான் காது கேட்காதே என்று அவர் எவ்வளவோ மறுத்துப் பார்த்தார். "நீ உக்காருண்ணே, மொறைய மாத்தக்கூடாது" என்று தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தவர் சின்னப்பிள்ளை. மாமாவின் சித்தப்பா மகன், டிப்பர் லாரி வைத்திருக்கிறவர், கோயில் சாவி இருக்கிற இடம். என் வீட்டுக்காரர் அவருடைய லாரியைத்தான் ஓட்டுகிறார். வழியும் சின்னப்பிள்ளையே சொன்னார். அறிவரசன் அப்பாவுக்குப் பின்னால் உட்காரட்டும், கெவுளி சொன்னால் தோளில் ஒரு தட்டு தட்டட்டும், அண்ணன் எழுந்து சொல்லிவிடட்டும். மாமா அதற்கு ஒத்துக்கொண்டார். பிள்ளையின் காது தன் காது மாதிரிதானே என்று நினைத்தார். அப்படித்தான் இத்தனை கல்யாணம் நடந்தது. தோளில் தட்டு விழும், மாமா எழுந்து "சொல்லிருச்சு" என்பார், கிடா வெட்டுவார்கள்.

போன வைகாசிக்குப் பிறகு ஆண்டாயி அத்தையின் மகள் சத்யப்பிரியாவுக்கு வரன் வந்தது. அத்தை, சின்னப்பிள்ளையின் செத்துப்போன தம்பியின் பெண்டாட்டி. வெங்காயம் அறுத்து, கூலிக்குப் பருத்தி எடுத்து ஒற்றைப் பெண்ணை லேப் டெக்னீஷியன் படிக்க வைத்தவர். மாப்பிள்ளை அரியலூரில் சிமென்ட் ஆலையில் எலக்ட்ரீஷியன், நல்ல பையன், நம் ஆட்கள்தான். பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. சின்னப்பிள்ளைக்கு மட்டும் வேறு கணக்கு. அவர் பெண்டாட்டியின் தம்பி ஒருத்தன் இருக்கிறான், நாற்பதை எட்டப் போகிறவன், கட்டினவளை அடித்து விரட்டினவன். அவனுக்கு இந்தப் பெண்ணைக் கேட்டு அத்தை முடியாது என்றுவிட்டார்.

முதல் தடவை உத்தரவு கேட்டார்கள், கெவுளி சொல்லவில்லை என்றார்கள். இரண்டாவது தடவையும் அதே. அன்றைக்கு நான் பெரம்பலூரில் வேலைக்குப் போயிருந்தேன், அங்கே ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிற வேலை எனக்கு. திரும்பி வந்தால் ஆண்டாயி அத்தை என் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கிப் போயிருந்தது.

"சொன்னுச்சு ஜோதி" என்றார். "சாமி சத்தியமா சொன்னுச்சு. செவுத்துக்கு வெளிய நின்ன எனக்கே காதுல விழுந்துச்சு. மூணு வாட்டி அடிச்சுது. உள்ள உக்காந்திருந்த ஆம்பளைங்க அத்தனை பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. மாமா மட்டும் கல்லு மாதிரி உக்காந்திருந்தாரு."

"நீங்க கேக்க வேண்டியதுதானே அத்தே?"

"கேட்டேன். எங்க வூட்டுக்காரரோட அண்ணன் என்ன சொன்னாரு தெரியுமா? 'உன் காதுல விழுந்தா ஆச்சா? முன்னாடி உக்காந்தவர் காதுல விழணும். அதான் மொறை'ன்னாரு. ஒருத்தர் வாயத் தொறக்கல. நேரா கறிச்சோறு திங்கப் போயிட்டாங்க."

அத்தனை பேர் காதிலும் விழுந்திருக்கிறது. அத்தனை பேரும் நல்ல காது உள்ளவர்கள். கேட்காதவர் ஒருத்தரை முன்னால் உட்கார வைத்து, அவருடைய செவிட்டுத்தனத்துக்குச் சாமி என்று பெயர் வைத்துவிட்டு, கிடாக்கறியின் நல்லி எலும்பை உறிஞ்சியிருக்கிறார்கள். தம்பி மகளின் வாழ்க்கையை விடவும் மச்சினனுக்கு ஒரு அடிமை தேடுவது பெரிதாகப் போய்விட்டது. த்தூ.

அன்று சாப்பிட உட்கார்ந்த என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். மரியாதைக்கு 'ர்' போட்டு எழுதுகிறேன், கை கூசுகிறது.

"கெவுளி சொன்னுச்சாமே? ஏன் தட்டல?"

"எனக்குக் கேக்கல."

"பொய்."

"ஆமா, கேட்டுச்சு. இப்ப என்னங்கற? சித்தப்பா தட்டாதன்னாரு, தட்டல. நாளைக்கு லாரி சாவிய வாங்கி வச்சுக்கிட்டாருன்னா உங்கப்பனா சோறு போடுவான்?"

சோற்றைப் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டே சொன்னார். எதிரே கட்டிலில் மாமா உட்கார்ந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, அவருக்குக் காது மிஷினாவது வாங்கி மாட்டுவோம் என்றேன். அதற்கும் பதில் தயாராக இருந்தது. "மிஷின் மாட்டுனவன் சாமி முன்னாடி உக்கார முடியாது. வாக்கு சொந்தக் காதுல விழணும். பங்காளிங்க கூடிப் பேசி முடிவு பண்ணியாச்சு."

கேட்டீர்களா நியாயத்தை? காதே கேட்காதவர் சாமி வாக்குக் கேட்கலாம். கேட்கிற மாதிரி செய்துகொண்டால் கேட்கக்கூடாது. இப்படி ஒரு சட்டத்தை எழுதக்கூட மூளை வேண்டும், அழுகின மூளை.

மறுநாள் மாமாவுக்கு எதிரே உட்கார்ந்து, மாமியார் மாதிரி நிதானமாக வாயசைத்து, நடந்ததைச் சொன்னேன். முதலில் அவர் நம்பவில்லை. "எம்புள்ள பொய்த் தட்டு தட்டுவானா?" என்றார். பொய்யாகத் தட்டவில்லை மாமா, தட்ட வேண்டிய நேரத்தில் தட்டவில்லை என்றேன். கோபம் வந்துவிட்டது. புருஷன் பெண்டாட்டி சண்டையை என் தலையில் கட்டாதே என்று எழுந்து, மக்காச்சோள மெஷின் ஓடுகிற களத்தைப் பார்த்துப் போய்விட்டார். எனக்கு அவர்மேலும் எரிச்சல்தான். நல்லவராக இருக்கலாம், இவ்வளவு வசதியான நல்லவராக இருக்கக்கூடாது.

சாயங்காலம் உமித் தூசியோடு வந்தார். முகம் கழுவவில்லை. "அந்தப் புள்ள சத்யா சின்ன வயசுல என் மடியில உக்காந்து, என் காதுக்குள்ள 'தாத்தா தாத்தா'ன்னு கத்தும்" என்றார். பெரியப்பா என்று கூப்பிட வேண்டிய முறை. நரைத்த தலையைப் பார்த்துத் தாத்தா என்று கூப்பிட்ட பிள்ளை. "சத்தம் கேக்காட்டியும் காத்து வந்து அடிக்கும். நானும் கேக்குற மாதிரியே சிரிப்பேன்." துண்டால் தலையிலிருந்த உமியைத் தட்டினார். "மூணாவது வாட்டி எப்ப?"

"ஆடி முடிஞ்சு, ஆவணியில."

"பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார்.

அரசு ஆஸ்பத்திரியில் முதலில் காதுச் சீழை ஆற்றினார்கள். பிறகு ஒரு நாள் கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் உட்கார வைத்து, தலையில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்க பெரியவரே என்றாள் காது சோதிக்கிற பெண். மாமா கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தார். அவள் இன்னும் ஒரு சத்தமும் அனுப்பவே இல்லை. உள்ளே இரைவதற்கெல்லாம் இவர் அழுத்துகிறார் என்று புரிந்ததும் அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போனது. கதவைத் திறந்து உள்ளே வந்து, எந்தச் சத்தத்துக்கு அழுத்த வேண்டும் என்று பொறுமையாக மறுபடி சொல்லிக் கொடுத்தாள்.

டாக்டர் என்னிடம் பேசாமல் மாமாவைப் பார்த்துப் பேசினார். "கம்ப்ரசர் சத்தத்துல காது நரம்பு தேஞ்சுபோச்சுங்க. போனது திரும்ப வராது. மிஷின் போட்டா பேச்சு கேக்கும். உள்ள இருக்குற இரைச்சலும் முழுசா நிக்காது. வெளிச்சத்தம் உள்ள வந்துச்சுன்னா இது கொஞ்சம் அமுங்கும், தொந்தரவு கொறையும். மொதல்ல கொஞ்ச நாள் எல்லாமே எரிச்சலாத்தான் இருக்கும், கழட்டி எறியாதீங்க."

மிஷின் ஆடி கடைசியில் ஒரு முகாமில் கிடைத்தது. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிற ரகம், அவரை விதையை விடக் கொஞ்சம் பெரிது. மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தார். தன் செருப்புச் சத்தத்துக்கே நின்று நின்று கீழே பார்த்தார். பஸ்ஸில் ஒருத்தி பாலித்தீன் பையைப் பிரித்தபோது காதைப் பொத்திக்கொண்டார். "ஏம்மா, இவ்ளோ சத்தமாவா நாம பொழச்சுக்கிட்டு இருக்கோம்?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

வீட்டில் என் வீட்டுக்காரர் இருக்கும்போது மாட்டமாட்டார். அவர் லாரி எடுத்துக்கொண்டு போன பிறகு மாட்டிக்கொண்டு என்னிடம் பேசிப் பழகுவார். ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்தே தலைமுடியை வெட்டாமல் விட்டிருந்தார். ஏன் என்று கேட்டவர்களுக்கு வேண்டுதல் என்றார். சாமி பெயரைச் சொன்னால் எங்கள் ஊரில் மறுகேள்வி கிடையாது. ஆவணி வருவதற்குள் முடி காதை மூடிவிட்டது.

மூன்றாவது உத்தரவு கேட்கிற நாள். நான் வேலைக்குப் போகவில்லை. கோயில் என்றால் பெரிய கோயில் இல்லை, தகரக் கொட்டகையும் இடுப்பளவுச் சுவரும்தான். பெண்கள் சுவருக்கு வெளியே நிற்க வேண்டும். ஆண்டாயி அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சத்யப்பிரியா அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கும் இல்லை என்றால் அந்த அரியலூர்ப் பையனை மறந்துவிட வேண்டியதுதான். அடுத்த வாரமே மச்சினன்காரன் தட்டு எடுத்துக்கொண்டு வருவான், அதற்கு மட்டும் கெவுளி முதல் தடவையே சொல்லிவிடும்.

மாமாவுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். முடியோடு சேர்த்துக் காதும் மறைந்தது. உட்கார்ந்தார். பின்னால் என் வீட்டுக்காரர், பக்கத்தில் சின்னப்பிள்ளை, சுற்றிப் பங்காளிகள். கற்பூரம் எரிந்து அணைந்தது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டிய நேரம் அது. ஆனால் முன்னால் இருப்பவர் செவிடுதானே, யாருக்காக மூட வேண்டும்?

"டேய் அறிவு, கைய மடியிலேயே வச்சுக்க" என்றார் சின்னப்பிள்ளை. குரலைத் தணிக்கக்கூட இல்லை. "கத்துனாலும் சரி, கத்தாட்டியும் சரி. இன்னையோட முடிஞ்சுது."

"தெரியும் சித்தப்பா. இந்தச் செவிட்டுப் பொணத்துக்கு என்ன தெரியப் போவுது?" என்றார் பெற்ற பிள்ளை.

இன்னொருத்தன் மூக்கைப் பொத்திக் காட்டினான். "காது நாத்தம்டா சாமி. எப்பிடிடா ஒரே வூட்டுல கெடக்குற?"

"நான் எங்க கெடக்கேன்? கட்டிலை மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் தூக்கிப் போடுன்னா அவ விடமாட்டேங்குறா. அவளுக்கும் மூக்கு செத்துப்போச்சு போல."

சிரித்தார்கள். சாமி முன்னால், விபூதி பூசின முகங்களோடு, தொப்பை குலுங்கச் சிரித்தார்கள். சுவர் ஓரம் குனிந்து நிஜமாகவே ஓங்கரித்தேன். மாமாவின் முதுகைப் பார்த்தேன். அது அசையவே இல்லை. பரிவட்டத்துக்குக் கீழே கழுத்து நரம்பு மட்டும் புடைத்து இருந்தது. கேட்கிறது, ஒவ்வொன்றும் கேட்கிறது. இந்த மிஷினை வாங்கிக் கொடுத்தது நான்தான் என்று நினைத்தபோது, ஏன் வாங்கிக் கொடுத்தோம் என்றாகிவிட்டது.

நிழல் படியை நெருங்கியது. கெவுளி சொல்லவில்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றேன். காற்றில் தகரம் முனகியது, தூரத்தில் டிராக்டர் ஒன்று போயிற்று, பல்லி மட்டும் வாய் திறக்கவில்லை. ஆண்டாயி அத்தையின் பிடி தளர்ந்தது. போன தடவை சொன்னபோது இந்த மனிதருக்குக் காது இல்லை. காது வந்தபோது சாமிக்கு வாய் இல்லை. சாமி மேலேயே எனக்கு வெறுத்துவிட்டது.

நிழல் படியைத் தொடுவதற்கு இரண்டு விரற்கடை இருக்கும்போது மாமா எழுந்தார்.

"சொல்லிருச்சு" என்றார்.

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. சின்னப்பிள்ளை என் வீட்டுக்காரரின் பக்கம் சாய்ந்து பல்லைக் கடித்தார். "நீ தட்டுனியாடா?"

"இல்ல சித்தப்பா, சத்தியமா இல்ல."

மாமா திரும்பவில்லை. சாமியைப் பார்த்தபடியே சொன்னார்: "அவன் தட்டல. அவன் கையி மடியிலதான் இருக்கு."

இவ்வளவு நேரம் பேசினதெல்லாம் எங்கே போய் விழுந்தது என்று ஒவ்வொருத்தனாகக் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. மூக்கைப் பொத்தினவன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான். சின்னப்பிள்ளைதான் முதலில் சுதாரித்தார்.

"அண்ணே, இத்தனை பேரு இருக்கோம், எங்க ஒருத்தர் காதுலயும் விழலையே?"

"ஒங்க காதுல விழுந்தா ஆச்சா?" என்றார் மாமா. "முன்னாடி உக்காந்தவன் காதுல விழணும். அதான் மொறை. இல்லன்னா சொல்லு, இதுவரைக்கும் இங்க உக்காந்து என் காதுல விழுந்ததெல்லாம் என்னென்னன்னு நானும் வரிசையாச் சொல்றேன். வெளிய பொம்பளைங்க நிக்கிறாங்க, கேக்கட்டும்."

மூத்தவர் காதைச் சந்தேகப்பட்டால் இதுவரை இதே கோயிலில் உத்தரவு வாங்கி நடந்த கல்யாணம் அத்தனையும் சந்தேகமாகிவிடும், சின்னப்பிள்ளையின் பிள்ளை கல்யாணம் உட்பட. அவர்கள் போட்ட முறை அவர்கள் கழுத்தையே பிடித்தது. ஒருத்தர் மெல்ல, "சாமி உத்தரவு குடுத்துருச்சு, அப்பறம் என்ன" என்றார். அதே வாய்தான் இரண்டு தடவை கறிச்சோறு தின்றது. ஆண்டாயி அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சத்யப்பிரியா அப்போதுதான் அழுதாள்.

திரும்பி வருகிற வழியில் நானும் மாமாவும் மட்டும் பருத்திக் காட்டோரமாக நடந்தோம். எனக்கு அடக்க முடியவில்லை. எதிரே போய் நின்று கேட்டேன். "மாமா, நெசமாவே கெவுளி சொன்னுச்சா?"

"எதிர வந்து நிக்க வேணாம் ஜோதி, நடந்துக்கிட்டே கேளு. கேக்குது" என்றார். "என் காதுக்குள்ள ஒண்ணு இத்தனை வருசமா கத்திக்கிட்டேதான் கெடக்கு. ஒரு நாளும் அதால ஒரு பிரயோசனம் இல்ல. இன்னைக்காவது ஒரு நல்லது சொல்லட்டுமேன்னு விட்டுட்டேன்."

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். பரிவட்டத் துணியை மடித்துப் பக்கத்தில் வைத்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடிக்கும்போது என் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரத் தயங்கி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் தன் அப்பாவை மெதுவான குரலில் கூப்பிட்டு அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அப்பா" என்றார்.

மாமா நிமிர்ந்து பார்த்தார். முடியை ஒதுக்கி, காதுக்குப் பின்னால் இருந்த மிஷினைக் கழற்றினார். அதன் சின்ன டப்பாவுக்குள் வைத்து மூடி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இப்பப் பேசு" என்றார்.